நிறப்பிழையும் பிழையே

எமது ஆண்டு மலர்களின் கடைசிப் பக்கத்திலே ‘பிழை திருத்தம்’ என்றொரு பட்டியல் இடம்பெறுவதுண்டு. ‘அறம்’ என்பது ‘அரம்’ என அச்சாகிவிட்டால் மலர்க்குழு வெட்கமுறுகின்றது. பொறுத்தருளுமாறு வாசகரை வேண்டுகின்றது. ஓரெழுத்துப் பிறழ்ந்தாலும் பொருள் கெடும் என்பதை நாம் நன்கு உணர்ந்துள்ளோம். ஆனால், அதே மலரில் ஒரு மனிதரின் முகம் நிறந்திரிந்து அச்சாகியிருப்பின், அதனைப் பிழை திருத்தத்திற் சேர்த்த மலரொன்றை யான் இதுவரை கண்டதில்லை. எழுத்துப்பிழை எமது பிழை. நிறப்பிழையோ விதியின் பிழை என்று எண்ணுகின்றோம் போலும். இவ்வெண்ணம் தவறானது என்பதையும், அத்தவறுக்குப் பொறுப்பாளர் பெரும்பாலும் அச்சகத்தார் அல்லர், நாமே என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறரைச் சாடுதற்காக இதனை எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் மலர்க்குழு ஒன்றில் யானும் ஓர் உறுப்பினனாக இருந்தேன். கூத்து மரபு பற்றிய கட்டுரை ஒன்றுக்காக, மட்டக்களப்பைச் சேர்ந்த முதிய அண்ணாவியார் ஒருவரை அவரது ஊருக்கே சென்று படம்பிடித்தோம். கையிலே தாளம், அருகிலே பச்சைநிற வேலைப்பாடமைந்த கிரீடம், மாலை வெயிலிற் பளபளத்த கரிய முகம். மலர் வெளிவருமுன் அவர் காலமானார். ஆகவே அப்படத்தை முழுப்பக்க வர்ணப்படமாக இட்டோம். அச்சாகி வந்தபோது முகம் வெளிறிச் சாம்பல் படர்ந்து காணப்பட்டது. நெற்றியில் நிறமே இருக்கவில்லை. கிரீடத்தின் பச்சை பாசிபோல் மங்கியிருந்தது. பிரதியைக் கையில் வாங்கிய அவரது மகன் நெடுநேரம் அதனைப் பார்த்திருந்தார். பின்னர், “இது எங்கட அப்பாட முகம் இல்ல, தம்பி” என்றார். அவர் கோபத்துடன் கூறவில்லை. அச்சகம் கெடுத்துவிட்டது என்று நாம் விடையிறுத்தோம். அவ்விடை உண்மையன்று என்பது எனக்குப் பின்னரே விளங்கியது.

நடந்ததை வரிசைப்படுத்தி நோக்குவோம். கமெராவில் ‘அடோபி ஆர்.ஜி.பி.’ என்னும் அகன்ற நிறவெளி தெரிவுசெய்யப்பட்டிருந்தது. படம் எடுத்தவரே அதனை அறிந்திருக்கவில்லை. படம் வட்ஸ்அப் வழியாகக் கைமாறியது, கைமாறுந்தோறும் சுருக்கப்பட்டது, இடையில் எங்கோ அதனுடன் இணைந்திருந்த நிறவிவரம் கழன்றுபோயிற்று. விடுதி அறையிலே, இரவிலே, மடிக்கணினியின் திரையை முழு ஒளியில் வைத்துக்கொண்டு, முகம் இருண்டிருக்கின்றது எனக் கருதிய நண்பர் ஒருவர் அதனை வெளுப்பாக்கினார், ஏனையோர் தலையசைத்தோம். எத்தாளில் அச்சாகும் என்று வினவாமலே கோப்பினை அனுப்பினோம். மாதிரிப்படி பார்க்க வருமாறு அச்சகத்தார் அழைத்தபோது எழுத்துகளை மாத்திரம் ஒப்புநோக்கிக் கையொப்பமிட்டோம். இவ்வைந்து செயல்களில் ஒன்றேனும் அச்சகத்தின் செயலன்று.

திரையிற் கண்ட நிறம் தாளில் வரவில்லையே என்று முறையிடுவோர், திரையும் தாளும் இருவேறு ஊடகங்கள் என்பதை மறந்துவிடுகின்றனர். திரை ஒளியை உமிழ்கின்றது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூவொளிகளின் கூட்டத்தால் அங்கே நிறம் பிறக்கின்றது. மூன்றும் நிறைந்தால் வெண்மை தோன்றும். தாளோ தன்மீது விழும் ஒளியைத் திருப்பி விடுகின்றது. சயன், மஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் அவ்வொளியின் பகுதிகளைக் கவர்ந்துகொள்ள, எஞ்சியதே எமது கண்ணை அடைகின்றது. மை விழாத இடமே அங்கு வெண்மை. எனவே திரையிற் சுடர்விடும் பச்சைகளிலும் நீலங்களிலும் பல, நான்கு மைகளுக்கும் எட்டாதவை. எட்டாத நிறங்களை எல்லை வரை இழுத்து ஏனையவற்றை அவ்வாறே விடுவதா, அன்றி எல்லா நிறங்களையும் ஒன்றுக்கொன்று விகிதம் கெடாமற் சுருக்குவதா என்பது தீர்மானித்துச் செய்யவேண்டிய பெயர்ப்புப் பணி. நாம் தீர்மானிக்காவிடின் இயந்திரம் தீர்மானிக்கும்.

ஆயினும் ஒன்றை ஈண்டு வற்புறுத்தவேண்டும். கிரீடத்தின் பச்சை மைக்கு எட்டாததாக இருந்திருக்கலாம். முகத்தின் நிறம் அத்தகையதன்று. நல்ல வெண்தாளிலே, மனித முகத்தின் நிறங்கள், கரியதாயினும் வெளியதாயினும், நான்கு மைகளின் எல்லைக்குள் அடங்குவன. ஆகவே முகத்தின் நிறம் திரிந்ததற்கு மையின் இயலாமையைக் காரணங்காட்ட எவருக்கும் உரிமையில்லை.

கணினிக் கோப்பில் உள்ளவை நிறங்கள் அல்ல, எண்கள். சிவப்பு 140, பச்சை 90, நீலம் 65 என்னும் எண்கள் எந்தப் பழுப்பினைக் குறிக்கின்றன என்பது, அவை எந்த நிறவெளியில் எழுதப்பட்டன என்பதைப் பொறுத்தது. எச்.பி., மைக்ரோசொப்ட் நிறுவனங்கள் 1996 இல் முன்மொழிந்து, 1999 இற் சர்வதேச நியமமாகிய ‘எஸ்.ஆர்.ஜி.பி.’ வெளியில் அவை ஒரு நிறத்தைச் சுட்டும். 1998 இல் வந்த ‘அடோபி ஆர்.ஜி.பி.’ வெளியில் அதனினும் செறிந்த வேறொரு நிறத்தைச் சுட்டும். எந்த வெளி என்பதைக் கூறும் குறிப்பே, புரொபைல் எனத் தொழிலில் வழங்கும் நிறவிவரமாகும். 1993 இல் எட்டு நிறுவனங்கள் கூடி அமைத்த ஐ.சீ.சீ. என்னும் சர்வதேச நிறக் கூட்டமைப்பு இதற்குப் பொதுவடிவம் வகுத்தது. நிறவிவரமற்ற படம், எம்மொழியென்று குறிக்கப்படாத ஓலையைப் போன்றது. வாசிப்பவர் தமக்குத் தெரிந்த மொழியென்றே அதனைக் கொள்வார். அண்ணாவியாரின் படத்தை அச்சகத்துக் கணினி எஸ்.ஆர்.ஜி.பி. எனக் கொண்டு வாசித்தது; செறிந்த நிறங்கள் மங்கின.

நிறவிவரத்தைச் சூட்டுவது வேறு; ஒரு நிறவிவரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படத்தை மாற்றுவது வேறு. முன்னது எண்களை வைத்துக்கொண்டு நிறத்தை மாற்றுகின்றது. பின்னது நிறத்தைக் காத்துக்கொண்டு எண்களை மாற்றுகின்றது. நம்மிற் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் கைக்கு எட்டிய பொத்தானை அழுத்துகின்றனர். சொல்லைச் சொல்லால் மாற்றுவோரைப் பெயர்ப்பாசிரியர் என்று மதியாத நாம், இங்கே அதனைச் செய்துவிட்டு மன நிறைவு கொள்கின்றோம்.

அச்சில் எல்லாப் படங்களும் இருண்டுவிடும், ஆதலால் முன்கூட்டியே வெளுப்பாக்குவதே விவேகம் என்று அனுபவம் பேசுவோர் உளர். இவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. மைப்புள்ளி தாளிற் படும்போது பருக்கின்றது. கோப்பில் 50 வீதமாக உள்ள புள்ளி, பூச்சுத்தாளில் ஏறக்குறைய 64 வீதமாகவும், செய்தித்தாளில் 76 வீதம் வரையும் தோற்றும். அதனால் இடைநிலைச் சாயல்கள் இருள்வது உண்மையே. ஆனால், அந்தந்தத் தாளுக்கென அளந்து ஆக்கப்பட்ட நிறவிவரம் இப்பெருக்கத்தை ஏற்கெனவே கணக்கில் எடுத்துள்ளது. அதன் வழியாக மாற்றிய படத்தை ஊகத்தால் மேலும் வெளுப்பாக்குவது, உப்பிட்ட கறிக்குச் சுவை பாராமல் மறுபடியும் உப்பிடுவது போன்றது. வெளுப்பாக்கும்போது 255 என்னும் மேலெல்லையைத் தொட்டுவிட்ட இடத்தில் அச்சில் மையே விழாது. அண்ணாவியாரின் நெற்றியில் நாம் கண்டது அவரது நெற்றியை அன்று, வெறுந்தாளை.

இன்னும் சிலர் தத்துவ நோக்கில் மறுப்புரைப்பர். நிறம் என்பது பொருளில் இல்லை, கண்ணில் உள்ளது. ஒருவர் கண்ட நிறத்தை இன்னொருவர் காண்பதில்லை. ஆகவே சரியான நிறம் என ஒன்றில்லை என்பர். நிறம் கண்ணில் நிகழ்வது என்பதை யாமும் ஏற்கின்றோம். ஆயினும் கண்ணில் நிகழ்வது அளவைக்கு அப்பாற்பட்டதன்று. 1920களின் பிற்பகுதியில் றைற் என்பவர் 10 பேரையும் கில்ட் என்பவர் 7 பேரையும் கொண்டு இங்கிலாந்தில் நடத்திய நிறப்பொருத்தச் சோதனைகளை அடிப்படையாகக் கொண்டு, சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு 1931 இல் நியமப் பார்வையாளர் என்னும் கருத்தை வகுத்தது. அதே ஆணைக்குழு 1976 இல், வெண்மை கருமை ஓர் அச்சாகவும், சிவப்புப் பச்சை மற்றோர் அச்சாகவும், மஞ்சள் நீலம் மூன்றாம் அச்சாகவும் அமைந்த அளவையைத் தந்தது. நிறவிவரங்கள் யாவும் இவ்வளவைகளின் ஊடாகவே ஒன்றோடொன்று பேசுகின்றன. கண்கள் வேறுபடுகின்றன என்பது அளவைக்கு எதிரான நியாயமன்று. அளவை வேண்டும் என்பதற்கான நியாயமே அது.

நிறத்தைப் பார்ப்பதற்குரிய ஒளியும் இவ்வாறே நியமிக்கப்பட்டுள்ளது. 5000 கெல்வின் வெம்மையுடைய பகலொளிக்கு நிகரான விளக்கின் கீழ் அச்சுப்படியை நோக்கவேண்டும் என்பது ஐ.எஸ்.ஓ. 3664 என்னும் நியமத்தின் விதி. ஒரு விளக்கின் கீழ் ஒன்றுபோலத் தோன்றும் இரு நிறங்கள் வேறொரு விளக்கின் கீழ் வேறுபடக்கூடும். புடவைக் கடையிலே சேலையைக் கையிலெடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்திற் பார்த்த பின்னரே விலைபேசும் எமது தாய்மார் இவ்வுண்மையை எந்நியமமும் படியாமலே அறிந்துள்ளனர். பட்டம் பெறவந்த பிள்ளைகளோ விடுதி அறையின் விளக்கொளியில் ஒரு மனிதரின் முகத்துக்கு நிறம் தீர்ப்பிடுகின்றனர்.

இனி, இவ்விடயத்தின் உயிர்நிலைக்கு வருவோம். நாம் அண்ணாவியாரின் முகத்தை ஏன் வெளுப்பாக்கினோம்? படம் இருண்டிருந்தமையால் அன்று. வெளுப்பான முகமே ‘நல்ல படம்’ என்னும் எண்ணம் எமது கைவிரல் வரை ஊறியிருந்தமையால். திருமணப் படத்தொகுப்பிலும், மரண அறிவித்தலிலும், அந்தியேட்டி நாளில் வழங்கும் நினைவு மலரிலும் இதே கைவரிசையைக் காணலாம். உயிரோடு இருந்தபோது கரியவராயிருந்த பாட்டி, இறந்த முப்பத்தொராம் நாளில் வெண்ணிறம் எய்துகின்றார். இதற்கு அழகுபடுத்தல் என்று பெயரிட்டுள்ளோம். ஒருவரது நிறத்தைக் குற்றமெனக் கருதித் திருத்துவது அழகுபடுத்தல் ஆகாது. அது அவர்மீது தீர்ப்பிடுதலாகும்.

நிறத்தை மாற்றுவது தீர்ப்பிடுதலே என்பதற்கு அமெரிக்க இதழியல் வரலாறு தக்க சான்று தருகின்றது. 1994 ஜூன் 27 ஆம் திகதியிட்ட ‘ரைம்’ சஞ்சிகை, கொலைக் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த ஓ.ஜே. சிம்சனின் பொலிஸ் படத்தைக் கருமையூட்டி அட்டையில் வெளியிட்டது. அதே படத்தை மாற்றமின்றி அட்டையிலிட்டு ‘நியூஸ்வீக்’ அதே வாரம் வெளிவந்தது. இரண்டும் கடைகளில் அருகருகே தொங்கியபோது வாசகர் வேறுபாட்டைக் கண்டனர். கறுப்பின மக்களிடமிருந்து கடுங்கண்டனம் எழுந்தது. அங்கே கருமை குற்றத்தின் சாயலாகப் பூசப்பட்டது. இங்கே வெண்மை மதிப்பின் சாயலாகப் பூசப்படுகின்றது. இரண்டின் அடியிலும் கிடப்பது ஒரே எண்ணம். ரைம் சஞ்சிகையைக் கண்டிப்பவர், தம் வீட்டுச் சுவரிலுள்ள படத்தைப் பார்த்துவிட்டுக் கண்டிப்பாராக.

அளவைகளே மேலைநாட்டார் தந்தவை. அவற்றுள்ளும் நிறபேதம் ஒளிந்திருக்கும். அவற்றை நாம் ஏன் தலைமேற் கொள்ளவேண்டும் என்று கேட்போர் உளர். இது வெறும் வாய்ப்பேச்சன்று. வரலாற்று ஆதாரமுள்ள வினா. ஈஸ்ற்மன் கொடக் நிறுவனம் 1950கள் தொடக்கம் படங்கழுவும் நிலையங்களுக்கு அனுப்பிய நியம அட்டையில் ஒரு வெள்ளையினப் பெண்ணின் படமே இருந்தது. முதன்முதல் அதில் தோன்றியவரின் பெயரால் அது ‘ஷேர்லி அட்டை’ எனப்பட்டது. அவளது மேனி செவ்வனே வந்தால் எல்லாம் செவ்வனே வந்ததாகக் கொள்ளப்பட்டது. கரிய முகங்கள் நிழலில் அமிழ்ந்தன. கனடாவின் கொன்கோடியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா றொத், 2009 இல் வெளியிட்ட ஆய்வில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். பழுப்பு நிறங்களின் வேறுபாடு படத்தில் தெரியவில்லையென்று சொக்கலேற் உற்பத்தியாளரும் மரத்தளபாட உற்பத்தியாளரும் முறையிட்டமை, படச்சுருளைத் திருத்தத் தூண்டிய காரணங்களுள் ஒன்று என அவர் காட்டுகின்றார். மனிதரின் முகத்துக்காக ஆகாத திருத்தம் மேசைக்காகவும் இனிப்புக்காகவும் ஆயிற்று. 1990களின் நடுப்பகுதியிலேயே மூவினப் பெண்கள் அடங்கிய அட்டையை அந்நிறுவனம் வெளியிட்டது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிபு யாது? அளவை வேண்டாம் என்பதன்று. ஷேர்லி அட்டையின் குற்றம் அது அளந்தமை அன்று. ஒரு முகத்தின்மீதுள்ள விருப்பத்தை அளவையின் இடத்தில் வைத்தமையே. நாம் விடுதி அறையிற் செய்ததும் அதுவே. எமது மனத்திலும் ஒரு ஷேர்லி அட்டை இருந்தது. எவருடைய முகமும் அல்லாத சாம்பல் அட்டையும், மையின் அடர்த்தியை எண்ணாற் கூறும் கருவியும், ஒரு முகத்தை இன்னொரு முகத்தால் அளப்பதில்லை. அளவைகளிற் குறையுண்டெனின் அவற்றைத் திருத்தவும் இயலும். கூகிள் நிறுவனம் 2022 இல் வெளியிட்ட, சமூகவியலாளர் எலிஸ் மொங்க் அவர்களின் பத்துப்படி மேனிநிற அளவுகோல் அத்தகைய ஒரு முயற்சி. அளவையைத் திருத்தலாம், அளவையற்ற விருப்பத்தைத் திருத்துவதற்கு வழியில்லை.

வறிய சங்கம், வறிய மலர், இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்பது இறுதி மறுப்பு. பணம் வேண்டாத செயல்களை மாத்திரம் கூறுகின்றேன். முகத்தருகே ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து முதற்படம் எடுத்தல். பின்னர் வெண்சமநிலையை ஊகத்தால் அன்றி அதனாற் தீர்மானிக்கலாம். கமெரா இடந்தருமாயின் ‘றோ’ கோப்பாக எடுத்தல். எட்டு இருமக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உள. பதினான்கு இருமக் கோப்பில் 16,384 படிகள் உள. கரிய முகத்தின் நுட்பமெல்லாம் அந்தக் கீழ்ப்படிகளிலேயே தங்கியுள்ளது. மூலக்கோப்பைச் சுருக்காமற் கைமாற்றுதல். அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல் உண்டா எனக் கணக்கிடுதல். பத்துச் சென்ரிமீற்றர் அகலத்துக்கு ஏறக்குறைய 1,180 பிக்சல் வேண்டும். தாள் யாது, அதற்குரிய நிறவிவரம் யாது, நான்கு மைகளும் கூடி எத்தனை வீதம் வரை ஏறலாம் என்பனவற்றை அச்சகத்தாரிடம் முதலிலேயே கேட்டறிதல். பூச்சுத்தாள் தாங்கும் 300 வீதத்தைச் செய்தித்தாள் தாங்காது, அதற்கு 240 வீதமே எல்லை. மாதிரிப்படியைப் பகலொளியிற் பார்த்தல். இயலுமாயின், படத்தில் உள்ளவருக்கோ அவரை அறிந்தவருக்கோ அதனைக் காட்டுதல். இவற்றுள் எதற்குப் பணம் வேண்டும்? பொறுமையே வேண்டும்.

அச்சகத்தாரை முற்றாக விடுவிப்பதும் முறையன்று. நிறவிவரம் இல்லாத கோப்பு வந்தால் அதனைத் திருப்பியனுப்புவதும், ஐ.எஸ்.ஓ. 12647 நியமத்துக்கு அமைய இயந்திரத்தைப் பேணுவதும், தாமாக முகங்களை ‘எடுப்பாக’ மாற்றாதிருப்பதும் அவர்களது கடன். ஆயினும் பிழையான கோப்பினைக் கொடுத்தவன், பிழையான அச்சுக்காக வழக்காட இயலாது.

ஈழத்துத் தமிழராகிய எமக்கு இதில் ஒரு தனிப்பொறுப்பும் உண்டு. 1849 இற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் பெற்றுவந்து வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவிய ஆறுமுக நாவலர், பிழையற்ற பதிப்பு என்பதை ஓர் ஒழுக்கமாகவே எமக்குக் காட்டினார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை, சிதைந்த ஏடுகளை ஒப்புநோக்கி 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஏட்டில் உள்ள பாடத்தைத் தமக்கு இனிக்கவில்லை என்பதற்காக மாற்றுபவனைப் பதிப்பாசிரியன் என்று நாம் கூறுவதில்லை. அவ்வாறாயின், ஒளிப்படமும் ஒரு மூலமே. அதன் நிறமும் ஒரு பாடமே. கமெராவிலிருந்து தாள் வரை அதனைக் கொண்டுசெல்லும் ஒவ்வொருவரும் ஏடெழுதுவோரே. பாடபேதத்துக்காக ஆண்டுக்கணக்கில் விவாதிக்கும் துறையினர், முகபேதத்தைக் கண்டும் காணாதிருத்தல் தகுமா?

தகாது என்பதே எனது துணிபு. இனிவரும் மலர்க்குழுக்கள் எழுத்துக்கு ஓர் ஒப்புநோக்காளரை நியமிப்பது போலப் படத்துக்கும் ஒருவரை நியமிக்கவேண்டும். பிழை திருத்தப் பட்டியலில் நிறப்பிழைக்கும் இடமளிக்கவேண்டும். அண்ணாவியாரின் மூலக்கோப்பு இன்றும் என்னிடம் உள்ளது. வெயில்பட்ட அக்கரிய முகம் அதில் அவ்வாறே இருக்கின்றது. அதனை முறைப்படி அச்சிட்டு அவரது மகனிடம் ஒப்படைக்கவேண்டிய கடன் என்னுடையது. அதற்கு முன்னர், அம்மலரின் பிழை திருத்தத்தில் இடம்பெறத் தவறிய வரியை ஈண்டுச் சேர்க்கின்றேன்: முழுப்பக்க வர்ணப்படம், முகத்தின் நிறம் பிழை, பொறுப்பு மலர்க்குழுவினது.